மேக்கர் தலைமுறையை ஹாம் ரேடியோவுக்கு அழைத்து வருவது எப்படி? சென்னைக்கான முழு வழிகாட்டி

சென்னையில் இன்று பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் சாலிடரிங் அயர்ன் இருக்கிறது. வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டை வாங்கி, யூடியூப் பார்த்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை கைபேசியில் காட்டிவிடுகிறார்கள். கணினி நிரல் (கோடு) எழுதத் தெரியும், 3டி பிரிண்டரில் பெட்டி அச்சிடத் தெரியும். அந்த போர்டின் மூலையில் வளைந்து வளைந்து ஓடும் செம்புக் கோடுதான் ஆன்டெனா என்பதும், அது ஏன் அந்த நீளத்தில் இருக்கிறது என்பதும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. மேக்கர்கள் என்று நாம் சொல்லும் இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தரக்கூடியவர்கள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாகச் சொந்தமாக ரேடியோ செட் கட்டி, ஆன்டெனா ஏற்றி, உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் ஹாம்கள், அதாவது அரசு உரிமம் பெற்ற ரேடியோ ஆர்வலர்கள். இந்த இரண்டு கூட்டமும் சந்திப்பதே இல்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். உரிமம் வைத்திருக்கும் ஹாம்கள், பள்ளி கல்லூரி ஆசிரியர்கள், மேக்கர் கிளப் நடத்துபவர்கள் ஆகிய மூவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் கருத்து ஒன்றுதான். நாம் இதுவரை "முதலில் தேர்வு எழுது, அப்புறம் செட் வாங்கு, அப்புறம் பேசு" என்று சொல்லி வந்திருக்கிறோம். மேக்கர் பிள்ளைகளுக்கு இந்த வரிசை சரிப்படாது. முதலில் காதால் கேட்க வேண்டும், அடுத்து கையால் கட்ட வேண்டும், அதன் பிறகுதான் தேர்வு. கேட்பதையும் கட்டுவதையும் அனுபவித்த பிள்ளை தேர்வுத் தேதியைத் தானே விசாரிக்கும்.

படி 1: அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்

கிளப் கூட்டத்துக்கு வரச்சொல்லி அழைப்பு அனுப்பினால் யாரும் வர மாட்டார்கள். சென்னை ஐஐடியில் மாணவர்களே நடத்தும் சென்டர் ஃபார் இன்னொவேஷன் இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளில் ரோபாட்டிக்ஸ் கிளப், ட்ரோன் கிளப் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பல பள்ளிகளில் மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறது. அங்கே கருவிகள் தயாராக இருக்கும், செய்வதற்குப் புது யோசனை தேடிக்கொண்டிருப்பார்கள். சாரணர் இயக்கம் உள்ள பள்ளியாக இருந்தால் இன்னும் எளிது. ஒவ்வொரு அக்டோபரிலும் உலகம் முழுக்க சாரணர்கள் ஹாம் ரேடியோ வழியாகப் பேசிக்கொள்ளும் 'ஜாம்போரி ஆன் தி ஏர்' நடக்கிறது. அதைச் சொன்னால் தலைமை ஆசிரியர் அனுமதி தருவார்.

காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம், சத்யபாமா இரண்டிலும் பேசுவதற்கு வேறொரு நல்ல காரணம் உண்டு. எஸ்ஆர்எம் மாணவர்கள் கட்டிய எஸ்ஆர்எம்சாட் 2011 அக்டோபரில் பிஎஸ்எல்வி-சி18 ராக்கெட்டில் போனது. சத்யபாமாசாட் 2016 ஜூனில் பிஎஸ்எல்வி-சி34-இல் போனது. இரண்டுமே தரைக்குப் பேசியது ஹாம் அலைவரிசைகளில்தான். தங்கள் சீனியர்கள் கட்டிய செயற்கைக்கோளின் குரலை உலகத்தில் எந்த ஹாம் வேண்டுமானாலும் கேட்க முடிந்தது என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஸ்லைடு வேண்டாம். மார்க்கோனியில் ஆரம்பிக்க வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: குறைந்த சக்தியில் தொலைவுக்குச் சிறு தரவுகளை அனுப்பும் லோரா. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் குறைந்த சக்தியில் பயன்படுத்தலாம் என்பதால், மேக்கர்களில் பலர் லோரா மாட்யூலைத் தொட்டிருப்பார்கள். "பெட்டியில் பல கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறதே, உங்களுடையது ஏன் அண்ணா நகரிலிருந்து அம்பத்தூர் வரைகூடப் போகவில்லை?" என்று கேளுங்கள். கோடில் பதில் கிடைக்காது. ஆன்டெனாவின் உயரம், நடுவில் நிற்கும் கட்டடங்கள், கேபிளில் தொலையும் சக்தி என்று பேச்சு தானாக நம் பக்கம் திரும்பும். அப்போது சொல்லுங்கள்: தானே வடிவமைத்துத் தானே கட்டிய டிரான்ஸ்மிட்டரை ஒரு தனிமனிதர் சட்டப்படி வானில் ஏற்றுவதற்கு ஹாம் உரிமம்தான் வழி.

"ரேடியோ எல்லாம் பழசு" என்று யாராவது சொன்னால் மட்டும் வரலாற்றுக்குப் போங்கள், அதுவும் நம் ஊர் வரலாறு. 1924-இல் இந்த நகரத்தில் முதல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல, சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற ஆர்வலர் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப். பணமில்லாமல் 1927-இல் கிளப் நின்றுபோனது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938-இல்தான். ஆக, இந்த ஊருக்கு ரேடியோவைக் கொண்டுவந்ததே அந்தக் காலத்து மேக்கர்கள்.

படி 2: ஒரே நாளில் ஆன்டெனா கட்டி, அன்று மாலையே கேட்க வையுங்கள்

இதுதான் முழு முயற்சியின் இதயம். இதற்கு நேரம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். காலையில் பத்து பேர் வந்து தங்கள் கையால் இரண்டு கம்பிகளால் ஆன டைபோல் என்ற எளிய ஆன்டெனாவைக் கட்ட வேண்டும். மாலையில் அதே ஆன்டெனாவில் சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கேட்க முயல வேண்டும். வெறும் கேட்பது மட்டும்தான், எதையும் அனுப்பப் போவதில்லை.

இருவருக்கு ஒன்று என்று ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் வேண்டும். டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஆர்டிஎல்2832யு சிப்பை, பல அலைவரிசைகளைக் கேட்கும் ரிசீவராக மாற்றலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்ததில் பிறந்தது அது. மலிவானது, மடிக்கணினியில் யுஎஸ்பி வழியாக வேலை செய்யும்.

ஆன்டெனாவுக்கு வேண்டியதெல்லாம் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும். கேபிள் டிவிக்காரர் பயன்படுத்தும் ஆர்ஜி-6 ஒயர், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் ஸ்க்ரூ கனெக்டர், ஒரு துண்டு பிவிசி பைப், இரண்டு அலுமினியக் கம்பி. கம்பிக்காகக் கடைக்குப் போகும் முன் மொட்டை மாடியைப் பாருங்கள். கேட்பாரற்று நிற்கும் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனாவின் குழாய்கள் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம். நேரான டைபோலின் இம்பிடன்ஸ், அதாவது மாறு மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 73 ஓம் அருகில். அதனால் கேட்பதற்கு இந்தக் கேபிளே தாராளம்.

இப்போது நீளம். கரும்பலகையில் பிள்ளைகளே கணக்கிட வேண்டும். ஒளியின் வேகத்தை அலைவரிசையால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். அதில் பாதி, மீட்டரில், 150-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தது. கம்பியின் முனைகளில் மின்புலம் சற்று வெளியே பரவுவதால் உண்மையான கம்பி சுமார் 5 சதவீதம் குட்டையாக இருக்க வேண்டும். அதனால் 150-க்குப் பதில் 143. 145.8 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 98 சென்டிமீட்டர், ஒரு பக்கத்துக்கு 49. இரண்டு கம்பிகளையும் 120 டிகிரி கோணத்தில் 'வி' வடிவில், தரைக்கு இணையாக வையுங்கள். மேலே போகும் செயற்கைக்கோள்களுக்கு இந்த அமைப்பு பொருத்தம். கேபிளின் நடுக்கம்பி ஒரு பக்கம், வெளி வலை இன்னொரு பக்கம். ஆர்ஜி-6-இன் வெளி வலை அலுமினியம் என்றால் சாலிடர் பிடிக்காது, அதற்குத்தான் ஸ்க்ரூ கனெக்டர். அவ்வளவுதான்.

உங்களிடம் நானோவிஎன்ஏ இருந்தால் இந்த இடத்தில் எடுங்கள். கையடக்கமான அந்தக் கருவியின் திரையில் எந்த அலைவரிசையில் ஆன்டெனா ஒத்திசைகிறது என்று ஒரு பள்ளம் தெரியும். கம்பியை ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் பள்ளம் வலப்பக்கம் நகரும். இதைப் பார்க்கும் பிள்ளைகள் கத்தரிக்கோலை விட மாட்டார்கள். எனக்குத் தெரிந்து, ஒரு முழு அத்தியாயம் செய்யாத வேலையை அந்தப் பள்ளம் நகரும் பத்து விநாடி செய்துவிடும்.

மாலையில் மாடிக்குப் போனதும் முதலில் எஃப்எம் பேண்டைத் திறங்கள். அலைவரிசையை நகர்த்திக்கொண்டே போனால் திரையில் 90.4-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம், 101.4-இல் ரெயின்போ என்று சென்னையின் நிலையங்கள் எல்லாம் வரிசையாகத் தூண் போல நிற்கும். காதால் மட்டுமே அறிந்ததைக் கண்ணால் பார்ப்பது அவர்களுக்குப் புதிது. எல்லா டாங்கிளும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும்.

அப்புறம் விண்வெளி நிலையம். ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் சென்னையைக் கொடுத்தால் அது எப்போது நம் தலைக்கு மேல் வரும் என்று காட்டும். தொடுவானத்திலிருந்து குறைந்தது 40 டிகிரி உயரம் எழும் ஒரு மாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதைக் கேட்க நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ பத்து நிமிடம். குரலும் படங்களும் 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும். ஏபிஆர்எஸ் என்ற தரவுச் சத்தம் 145.825-இல். சிக்னல் வந்தால் திரையில் நேர்கோடாக இருக்காது. நம்மை நோக்கி வரும்போது மூன்று கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உயர்ந்து, தாண்டிப் போகும்போது அதே அளவு தாழ்ந்து, வளைந்த கோடாக இறங்கும். பதினோராம் வகுப்பில் மனப்பாடம் செய்த டாப்ளர் விளைவு அதுதான் என்று சொல்லுங்கள்.

நிலையம் எப்போதும் பேசிக்கொண்டே இருக்காது, அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. படம் அனுப்பும் நாட்களை முன்னரே அறிவிப்பார்கள். அந்த நாட்களில் ரோபாட்36 என்ற ஆண்ட்ராய்டு செயலியை ஒலிபெருக்கி அருகே பிடித்தால் போதும், சுமார் இரண்டு நிமிடத்தில் ஒரு படம் வரி வரியாக இறங்கும். முடிந்தால் உங்கள் முதல் நிகழ்ச்சியை அந்த நாட்களில் வையுங்கள். வானம் மௌனமாக இருந்துவிட்டால், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் ரிசீவரில் 7 அல்லது 14 மெகாஹெர்ட்ஸைக் கேட்க வையுங்கள்.

ஒரு கண்டிப்பு: கேட்பது ஹாம் பேண்டையும் பொது ஒலிபரப்பையும் மட்டும். காவல்துறை, ராணுவம், விமானம் பக்கம் டயல் போகவே கூடாது. டாங்கிளைக் கையில் கொடுக்கும் முன்பே இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

படி 3: ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போங்கள்

ஆன்லைனில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நடப்பது எதற்கு? பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கம் வேறெங்கும் கிடைக்காது. சனிக்கிழமை காலை நல்ல நேரம்; ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஐந்தாறு பேராகப் போங்கள், ஆளுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்துத் தாங்களே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 104 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபேரட் என்பதைக் கடைக்காரர் சொல்லித்தந்தால் அது மறக்காது.

சுருள் சுற்றும் எனாமல் செம்புக் கம்பி அங்கே கிடைக்கவில்லை என்றால் உங்கள் பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடையைக் கேளுங்கள். ஆன்டெனாவுக்குக் கம்பம் வேண்டுமா? சவுக்குக் கம்பு போதும். கட்டட வேலைக்குச் சாரம் கட்டுபவர்களிடம் கிடைக்கும், இலேசானது, காய்ந்திருந்தால் மின்சாரம் கடத்தாது. கடற்கரை ஓரம் வசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் சாதாரண இரும்புத் திருகு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு வாங்குங்கள், இணைப்பு முழுவதையும் சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள்.

மலிவான சீன வாக்கி-டாக்கிகள் கண்ணில் படும். உரிமம் வரும் வரை அதை வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், சட்டச் சிக்கல் என்ன என்று அங்கேயே நின்று விளக்குங்கள்.

படி 4: உண்மையான ஒரு செட்டைக் கட்ட வையுங்கள்

எல்இடி மினுக்கும் சர்க்யூட்டை இவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். அவர்கள் திறமைக்குத் தகுந்த சவாலைக் கொடுங்கள். இரண்டு வழிகளை நான் சிபாரிசு செய்வேன்.

முதலாவது பிட்எக்ஸ். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (ஒவ்வொரு ஹாமுக்கும் அரசு தரும் அடையாளமான அழைப்புக்குறி, இவருக்கு வியு2இஎஸ்இ) 2000-களின் தொடக்கத்தில் வடிவமைத்த பிட்எக்ஸ்20 உலகம் முழுக்க ஹாம்கள் கட்டிய செட். வெளிநாட்டு டொராய்டு வளையங்கள் இங்கே கிடைப்பது கஷ்டம் என்பதால், குழாயில் போடும் வாஷரில் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்தார். பவர் ஸ்விட்சிங்குக்காகச் செய்யப்பட்ட ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரை டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். பின்னர் வந்த பிட்எக்ஸ்40-இல் அலைவரிசையைக் கட்டுப்படுத்த ஆர்டுயினோவும் எஸ்ஐ5351 சிப்பும் சேர்ந்தன. மேக்கர் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதவு இல்லை. பாதி சர்க்யூட் அவர்களுக்குத் தெரியாத அனலாக், மீதி அவர்களே திருத்தி எழுதக்கூடிய கோடு. சர்க்யூட் முழுவதும் வெளிப்படையாகக் கிடைக்கிறது. முதலில் ரிசீவர் பகுதியை மட்டும் கட்டச் சொல்லுங்கள். டிரான்ஸ்மிட்டர் பகுதிக்கு மின்சாரம் கொடுப்பது உரிமம் வந்த பிறகு.

இரண்டாவது டபிள்யுஎஸ்பிஆர். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் ஜோ டெய்லர், அவரும் ஒரு ஹாம், 2008-இல் வெளியிட்ட முறை இது. அழைப்புக்குறி, இருப்பிடச் சதுரம், சக்தி இந்த மூன்றையும் ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில், வெறும் 6 ஹெர்ட்ஸ் அகலத்தில், மிக மெதுவாக அனுப்பும். ராஸ்பெர்ரி பை பிக்கோ, எஸ்ஐ5351, நேரத்துக்கு ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், அவ்வளவுதான் வன்பொருள். ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குச் சக்தியைக்கூட பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கேட்டவர்கள் இணைய வரைபடத்தில் பதிவார்கள். காலையில் தூங்கி எழுந்து, நேற்று ராத்திரி தன் போர்டின் சத்தம் எந்தெந்த நாட்டில் கேட்டது என்று பார்க்கும் பிள்ளையை யாரும் தள்ளிக்கொண்டுவர வேண்டியதில்லை.

இதில் கற்பிக்க வேண்டிய முக்கியப் பாடம் ஃபில்டர். எஸ்ஐ5351 சதுர அலையைத் தருகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் 21-இலும் பலமாகக் கத்தும். அதை அடைக்க, உயர் அலைவரிசைகளைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் இல்லாமல் ஆன்டெனாவில் இணைக்கக் கூடாது. சொந்தமாகக் கட்டும் உரிமையோடு, அடுத்தவர் அலைவரிசையில் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. ஃபில்டர் போடும் முன்பும் பின்பும் எஸ்டிஆர் திரையில் காட்டிவிட்டால் தனியாகப் பிரசங்கம் தேவைப்படாது. டிரான்ஸ்மிட்டர் வானில் ஏறும்போது உரிமம் பெற்ற ஹாம் ஒருவரின் அழைப்புக்குறியில், அவர் கட்டுப்பாட்டில்தான் ஏற வேண்டும்.

இருப்பிடச் சதுரம் பற்றி சென்னைக்கே உரிய ஒரு சுவையான விஷயம். ஹாம்கள் பூமியை இரண்டு டிகிரி அகலம், ஒரு டிகிரி உயரம் கொண்ட கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 13 டிகிரி அட்சக்கோடு நம் ஊருக்குள், பெசன்ட் நகரைத் தொட்டு ஓடுகிறது. அதனால் மயிலாப்பூரில் இருப்பவர் என்கே03, வேளச்சேரியில் இருப்பவர் என்கே02. கைபேசி ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தேடிப் போகச் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிமையாகப் போகும்.

படி 5: இப்போது தேர்வு

இந்தக் கட்டத்தில் பாதிப் பாடத்தை அவர்கள் கையால் படித்து முடித்திருப்பார்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வு இது. குறைந்தபட்ச வயது 12. சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம், ஆவணங்கள், தேர்வு நாள் எல்லாவற்றையும் விண்ணப்பிக்கும் அன்று அங்கேயே பாருங்கள், விதிகள் அவ்வப்போது மாறுகின்றன.

இரண்டு நிலைகள் உண்டு: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ், அதாவது எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாக அனுப்பும் தந்திக் குறியீடு, தேவையில்லை. இதை உரக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் "கட்டுக் கடகட தெரிந்தால்தான் உரிமம்" என்ற பயம் இன்னும் ஊரில் உலாவுகிறது. ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலர் தாங்களாகவே ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்வார்கள், அதுவும் மோர்ஸ் சாவியைத் தாங்களே 3டி பிரிண்ட் செய்துகொண்டு.

எழுத்துத் தேர்வில் ரேடியோ தொழில்நுட்பம் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. தொழில்நுட்பத்தில் அவர்களுக்கு ஓம் விதி தெரியும். ஒத்திசைவு, சூப்பர்ஹெட் ரிசீவர், எஸ்எஸ்பி இவற்றை அவர்கள் கட்டிய செட்டையே திறந்து வைத்து நடத்துங்கள். விதிமுறைப் பகுதியில்தான் மேக்கர்கள் தடுக்கி விழுவார்கள், சலிப்பாக இருக்கிறது என்று படிக்காமல் விடுவார்கள். ஹாம்கள் பயன்படுத்தும் மூன்றெழுத்துச் சுருக்கங்களான க்யூ குறிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். வகுப்பிலேயே பேச்சில் பயன்படுத்துங்கள். "உன் க்யூடிஎச் எங்கே?" என்றால் பதில் "குரோம்பேட்டை". "பக்கத்து வீட்டு எல்இடி பல்பு ஒரே க்யூஆர்எம்" என்றால் குறுக்கீடு. ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஒரு விதியை மட்டும் விரிவாக விளக்குங்கள்: ஹாம் அலைவரிசையில் மறையாக்கம் கூடாது. இணையத்தில் எல்லாவற்றையும் பூட்டி அனுப்பிப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இந்த அலைவரிசை யாருக்கும் சொந்தமில்லை. யார் என்ன பேசுகிறார்கள் என்று மற்றவர்கள் கேட்க முடிந்தால்தான் வியாபாரத்துக்கும் தவறான காரியத்துக்கும் அது போகாமல் இருக்கும். காரணத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

பாடக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இங்கேதான் பின்வாங்குகிறார்கள். கலைச்சொல்லை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு விளக்கத்தைத் தமிழில் நடத்துங்கள். உங்களிடம் நல்ல தமிழ்க் குறிப்புகள் இருந்தால் எல்லோருக்கும் கொடுங்கள், பூட்டி வைக்காதீர்கள்.

தேர்வுக்குப் பிறகு காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்து உரிமம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். ஆர்வம் வடியும் காலம் இதுதான். அந்த இடைவெளியில் படி 4-இன் ரிசீவர் வேலையைத் தொடருங்கள், நரி வேட்டை நடத்துங்கள். வெளியிடத்தில் இயக்க அனுமதி உள்ள ஒரு ஹாம் சிறிய டிரான்ஸ்மிட்டரை எங்காவது மறைத்து வைக்க, மற்றவர்கள் கையில் ஒரு திசையை நோக்கிக் கேட்கும் யாகி ஆன்டெனாவோடு திசை பார்த்துத் தேடும் விளையாட்டு. ஹார்டுவேர் கடையில் வாங்கும் ஸ்டீல் அளவு டேப்பை வெட்டி, பிவிசி பைப்பில் பொருத்தினால் மூன்று உறுப்பு யாகி தயார். செடி கொடிகளுக்குள் நுழைந்தாலும் வளைந்து நிமிரும். கல்லூரி வளாகம் இதற்கு ஏற்ற இடம். பூங்கா என்றால் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள். கையில் ஆன்டெனாவோடு ஓடும் கூட்டத்தைப் பார்த்து யாரும் பதறக் கூடாது.

படி 6: மைக் பயத்தைப் போக்குங்கள்

வியு3 என்று தொடங்கும் புது அழைப்புக்குறி வந்துவிட்டது. செட்டும் இருக்கிறது. ஆனாலும் பேச மாட்டார்கள்! செய்தி தட்டி அனுப்பியே வளர்ந்த தலைமுறைக்கு, முகம் தெரியாத பெரியவர்கள் கேட்க மைக்கை அழுத்துவது பெரிய தயக்கம்.

முதல் உரையாடலை ஏற்பாடு செய்யுங்கள். சிறு செட்டின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பித் தொலைவுக்குக் கொண்டுபோகும் நகர ரிப்பீட்டரில் நேரம் குறித்து, மறுமுனையில் பொறுமையான ஒருவரை உட்கார வையுங்கள். அழைப்புக்குறி, பெயர், இருக்கும் இடம், கட்டிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட், இந்த நான்கும் போதும். தமிழிலேயே பேசட்டும். ரிப்பீட்டரில் இருக்கும் மூத்த ஹாம்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: புதியவர் முறை தவறிப் பேசினால் எல்லோரும் கேட்கத் திருத்தாதீர்கள். பேச்சு முடிந்ததும் தனியாகக் கைபேசியில் சொல்லுங்கள். பொதுவில் வாங்கிய ஒரு திட்டுக்குப் பிறகு திரும்ப வராதவர்கள் நிறைய.

பெண் பிள்ளைகள் பயிலரங்குக்கு வருகிறார்கள், ரிப்பீட்டருக்கு வருவதில்லை. குழுவில் இன்னொரு பெண் ஹாம் இருந்தால் நிலைமை மாறும், அதனால் முதல் அணியிலேயே இரண்டு மூன்று பெண்களைச் சேர்த்து உரிமம் வாங்க வையுங்கள். பாரதி பிரசாத், வியு2ஆர்பிஐ, அவர்களின் அனுபவத்தைச் சொல்லுங்கள். 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ இயக்கச் சென்றிருந்தவர். 26-ஆம் தேதி சுனாமி அடித்ததும் போர்ட் பிளேரிலிருந்து அதே செட்டை நிவாரணத் தகவல் தொடர்புக்குத் திருப்பினார்.

7 மெகாஹெர்ட்ஸுக்கு வருபவர்களுக்கு இடம்தான் பிரச்சினை. முழு டைபோல் 20 மீட்டர் நீளம். நடுவில் சவுக்குக் கம்பை நட்டு, இரண்டு முனைகளையும் சரிவாகக் கைப்பிடிச் சுவருக்கு இறக்கினால் பல மாடிகளில் அடங்கும். உயரம் குறைவு என்று வருந்த வேண்டாம். தாழ்வான ஆன்டெனா அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயன மண்டலத்தில் பட்டு சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். பகலில் மதுரை, பெங்களூரு, கோவையோடு பேச அதுதான் வேண்டும். குடியிருப்போர் சங்கத்திடம் கேட்கும்போது "ஆன்டெனா" என்று மட்டும் சொன்னால் செல்போன் டவரை நினைத்துப் பயப்படுவார்கள். ஒரு துண்டு கம்பியைக் கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். இடி மின்னல் தொடங்கும் முன் கேபிளைக் கழற்றி வெளியே போடும் பழக்கத்தை முதல் நாளிலேயே கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

படி 7: மழைக்காலத்துக்கு முன் ஒரு பயிற்சி

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 வர்தாவிலும் கைபேசி இறந்துபோன மணி நேரங்களைச் சென்னைக்காரர்கள் மறக்கவில்லை. 2023 மிக்ஜாமிலும் பார்த்தோம். "ஹாம்கள் நகரத்தைக் காப்பாற்றுவார்கள்" என்று பிள்ளைகளிடம் பெரிய வாக்குறுதி தர வேண்டாம். மின்சாரமும் கைபேசியும் இல்லாதபோது ஒரு தெருவின் செய்தியை இன்னொரு தெருவுக்குப் பிழையில்லாமல் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கைபேசி அணைக்கப்பட வேண்டும், வீட்டு மின்சாரம் தொடக்கூடாது. உரிமம் பெற்றவர்கள் தத்தம் உரிமத்துக்கு உட்பட்ட இடங்களிலிருந்து இயக்கட்டும். உரிமம் இல்லாதவர்கள் செய்தி எழுதவும் பதிவேடு பராமரிக்கவும் உதவட்டும். செய்தி 25 சொல்லுக்குள், நேரத்தோடு, தாளில். பெற்றவர் திரும்பப் படித்துக் காட்டிய பிறகே அது சேர்ந்ததாகக் கணக்கு.

பேட்டரிப் பெட்டி கட்டுவது மேக்கர்களுக்குப் பிடித்த வேலை, அதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும். கேட்கும்போது 0.3 ஆம்பியரும் அனுப்பும்போது 2 ஆம்பியரும் எடுக்கும் செட்டில், பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பேசினால் சராசரி 0.47 ஆம்பியர். 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும். ஒரு சிறிய சோலார் பேனலைச் சேர்த்து, அதன் சார்ஜ் கன்ட்ரோலர் 7 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு இரைச்சல் போடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அந்த இரைச்சலை அடக்குவதே ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

படி 8: பொறுப்பைக் கைமாற்றுங்கள்

முதல் அணியில் நான்கு பேர் உரிமம் வாங்கினாலும் போதும். அடுத்த மொட்டை மாடி மாலையை அவர்களே நடத்தட்டும். பதினேழு வயது அக்கா சொல்லித்தருவதைப் பதினான்கு வயதுத் தம்பி கேட்கும் வேகமே வேறு. எந்த ப்ராஜெக்ட் செய்வது, எந்தப் பள்ளிக்குப் போவது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் செயற்கைக்கோள் தரவைப் பைத்தானில் அலசப் போகிறோம் என்றால் "அது ரேடியோ இல்லை" என்று தடுக்காதீர்கள். அதுவும் ரேடியோதான்.

பள்ளியிலோ கல்லூரியிலோ கிளப் நிலையத்துக்குத் தனி உரிமம் பெற முடியுமா என்று நிர்வாகத்தோடு பேசிப் பாருங்கள். கிடைத்தால், மாணவர்கள் படித்து முடித்துப் போன பிறகும் செட்டும் ஆன்டெனாவும் அங்கேயே இருக்கும். பொறுப்பாசிரியர் ஒருவர் கட்டாயம் தேர்வு எழுதி உரிமம் வைத்திருக்க வேண்டும். வேறொரு கல்லூரிக்கு அவர் மாறிவிட்டால் நிலையம் நின்றுபோகும் என்பதால் இரண்டு ஆசிரியர்களைத் தயார் செய்வது நல்லது. செட்டின் சர்க்யூட், ஆன்டெனா கேபிள் எந்தச் சுவரில் இறங்குகிறது, எந்த ஃபியூஸ் எதற்கு என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, செட்டுக்கு அருகிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.